சாம்சங்: கேமராவைக் கைவிட்டு, திரைக்குப் பெயர் சூட்டிய கதை

சாம்சங் என்றாலே நம்மாளுங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது உலகின் நம்பர் ஒன் டிவி கம்பெனி, மேற்கொண்டு பேச்சே இல்லை. இன்னொரு கட்சிக்கு எல்லாமே விளம்பரம். எனக்கு ரெண்டுமே ஒப்பவில்லை. பொறியியல் நன்றாக இருந்த இடத்தில் இந்தக் கம்பெனி பாதியிலேயே எழுந்து போயிருக்கிறது. குறைவாக இருந்த இடத்தில் பெயரை வைத்துச் சமாளித்திருக்கிறது. என் விமர்சனம் இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கேமரா. 2010 ஜனவரியில் என்எக்ஸ்10 அறிவிக்கப்பட்டது. ஏபிஎஸ்-சி அளவு சென்சார், லென்ஸ் மாற்றும் வசதி, உள்ளே கண்ணாடி கிடையாது. சோனியின் என்இஎக்ஸ் வரிசை வந்ததே சில மாதம் கழித்துத்தான். 2014-இல் வந்த என்எக்ஸ்1 இன்னும் பெரிய பாய்ச்சல். 28 மெகாபிக்சல், நொடிக்கு 15 படம், கேமராவுக்குள்ளேயே 4கே பதிவு. ஏபிஎஸ்-சி அளவில் முதல் பின்னொளி சென்சாரும் அதில்தான். அதாவது, சென்சாரில் ஒயர்கள் ஒளிக்குக் குறுக்கே நிற்காமல் பின்பக்கம் போய்விடும். அதே வெளிச்சத்தில் கூடுதல் ஒளி பிடிபடும். முழுச்சட்டக அளவில் சோனி இதைக் கொண்டுவந்தது 2015-இல்.

அப்புறம்? 2015 கடைசியில் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடாகக் கடையைக் கட்டினார்கள். 2017-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. என்எக்ஸ்1 உடன் காட்சிக்கு வைத்த 300 மிமீ எஃப்2.8 லென்ஸ் விற்பனைக்கே வரவில்லை.

அதனால் என்ன, போன் இருக்கிறதே என்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். பனிக்காலத்தில் பழவேற்காடு ஏரியில், பசியாவரம் பக்கம் படகில் இருக்கிறீர்கள். 300 மீட்டர் தள்ளி ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பூநாரை நிற்கிறது. உயரம் ஒன்றேகால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிட்டே போனால் கூட்டமே எழுந்துவிடும், போகவும் கூடாது. 2023-இல் வந்த எஸ்23 அல்ட்ராவின் 10 மடங்கு லென்ஸில் அந்தப் பறவை சுமார் 100 பிக்சல் உயரம் வரும். என்எக்ஸ்1-இல் ஒரு 300 மிமீ லென்ஸ் இருந்திருந்தால் சுமார் 345 பிக்சல். போனின் பெட்டியில் போட்டிருக்கும் 200 மெகாபிக்சல் இங்கே உதவாது. அது மெயின் கேமராவின் எண், தொலைவு லென்ஸுக்குப் பின்னால் இருப்பது வெறும் 10 மெகாபிக்சல். அந்த 200-உம் வெளிச்சம் குறைந்தால் 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 ஆகிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் கணிப்பு. 2023 மார்ச்சில் ரெட்டிட்டில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனில் எடுத்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டால் நுணுக்கத்தைக் கூட்டும் வசதி அது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது.

நிலா அழகாக வந்தால் யாருக்கு நஷ்டம்? நிலாவோடு நின்றால் நஷ்டமில்லைதான். ஆனால் பழவேற்காடு முகத்துவாரம் மணலால் அடைபடுவது பசியாவரம் மாதிரி ஊர்களுக்குப் பிழைப்பு விஷயம். கடல் தண்ணீர் வந்துபோனால்தான் இறாலும் நண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்தப் பகுதி மீனவர்கள் எதிர்ப்பதும் கரை போகும், மீன்வளம் போகும் என்ற கவலையால்தான். அவர்கள் கையில் உடனே எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம் போன் படம். சாம்சங் போன் முகத்துவாரத்தை மாற்றிக் காட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. போன் தானாகச் சேர்க்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், உண்மைப் படத்தையும் எதிர்த்தரப்பு 'இது ஏஐ வேலை' என்று தள்ளிவிடலாம். பிரச்சினை அங்கேதான்.

அடுத்து டிவி. 2013-இல் சாம்சங் ஒரு வளைந்த 55 அங்குல ஓஎல்இடி டிவி விற்றது, பிறகு அந்தப் பாதையை விட்டது. 2017-இல் வந்தது 'க்யூஎல்இடி'. எழுத்தைப் பார்த்தால் ஓஎல்இடியின் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துப் பார்த்தால் எல்சிடி, பின்னால் எல்இடி விளக்கு, நடுவில் குவாண்டம் புள்ளிப் படலம். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணையும். க்யூஎல்இடியில் விளக்கு பொது. 2019-இல் எல்ஜி இதைக் கொரிய வணிக ஆணையத்துக்குக் கொண்டுபோனது. 2020-இல் இரு தரப்பும் புகாரை விலக்கிக்கொண்டதோடு முடிந்தது. பெயர் நிலைத்துவிட்டது.

ஓஎல்இடியில் பிம்பம் படிந்துவிடும் என்று விளம்பரம் போட்ட அதே கம்பெனி 2022-இல் தானே ஓஎல்இடி விற்க வந்தது. நீல ஓஎல்இடி ஒளியைக் குவாண்டம் புள்ளிகளால் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் அந்தப் பேனல் நிஜமாகவே அருமையான வேலை. சோனியே தன் உயர்ரக டிவிக்கு அதை வாங்கியது. அடுத்த வருஷம் 83 அங்குல மாடலுக்கு எல்ஜியிடமிருந்தே பேனல் வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்சிடி பேனல் உற்பத்தியை சாம்சங் டிஸ்ப்ளே 2022-இல் நிறுத்திவிட்டதால், இன்றைய க்யூஎல்இடியின் அடிப்படைப் பேனல் வெளியாரிடம் வாங்கியது.

நியாயமும் சொல்லணும். நாலு பக்கமும் தண்ணீர் மினுக்கும் பசியாவரத்தில், கதவு திறந்த வீட்டில் பகலில் டிவி பார்க்கிறவருக்கு ஓஎல்இடியின் ஆழ்ந்த கறுப்பு பெரிதாகப் பயன்படாது. வெளிச்சம் அதிகமுள்ள எல்சிடிதான் சரி. ஆக, பொருளில் குறையில்லை. அது எல்சிடிதான் என்று பெட்டியில் பச்சையாகச் சொல்லாததே குறை.

இன்னொன்று. இந்த டிவிகள் நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு. முன்னேற்றத்தை அளக்கும்போது பிக்சலோடு அதையும் கணக்கில் வைக்கணும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ரெண்டே வரி. டிவியில் பெயரை விட்டுவிட்டு, 'பிக்சல் தானே ஒளிர்கிறதா, பின்னால் விளக்கு இருக்கிறதா' என்று கேளுங்கள். போனில் மெகாபிக்சலை விட்டுவிட்டு, 'எந்த லென்ஸுக்கு எத்தனை' என்று கேளுங்கள். ஆதாரமாகப் படம் எடுப்பவர்கள் காட்சி மேம்பாட்டை அணைத்துவிட்டு, மூலக் கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள்; வாட்ஸ்அப்பில் போய்வந்த பிரதி போதாது.