அருளுக்கு அடிப்படை யாது?

அருளுடைமை சமயத்தைச் சார்ந்து நிற்கும் அறமா, சமயம் சாராதார்க்கும் உரிய பொதுவறமா என்னும் வினா திருக்குறளைக் கற்பார்க்கு எழுவது இயல்பு. பொதுமறை என்னும் பெயரையே விடையாகக் கொண்டு அமைவார் பலர். நூலின் அகச்சான்றுகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

தடையை முதற்கண் கூறுதல் நேர்மையாகும். பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில், அருளுடைமை (அதிகாரம் 25) துறவறவியலின் தொடக்கமாக நிற்கிறது. அதன்கண் 243, 247 ஆகிய குறள்கள் இம்மைக்கு அப்பாற்பட்ட உலகினைச் சுட்டுகின்றன என்பதே அவர் உரை. எனவே, வள்ளுவர் மறுமையைக் கருதவே இல்லை என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும், மறுமையை ஏற்றார்க்கே அருள் கைகூடும் என்பது நூற்கருத்து அன்று. பொருட்பாலில், பொருள் செயல்வகை அதிகாரத்தில் (குறள் 757), அருள் அன்பு ஈன்ற குழவியாகவும், செல்வம் அதனை வளர்க்கும் செவிலியாகவும் உருவகிக்கப்படுகின்றன. துறந்தார்க்குரியதாக வைக்கப்பட்ட அறம் இல்லத்து அன்பிற் பிறந்து, உலகியற் பொருளால் வளர்கிறது என்பது இதனாற் பெறப்படும். பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் கருதாவிடத்து அறிவினாற் பயன் யாது என வினவும் குறள் 315, அருளை அறிவின் பயனாக்குகிறது.

அருளுடைமையின் இறுதிக் குறள் (250) இதனினும் தெளிவானது. மெலியார்மேற் செல்லும்பொழுது, தன்னின் வலியார்முன் தான் நிற்கும் நிலையை நினைக்க என்பது அதன் பொருள். இஃது அச்சத்தின்பாற் பட்டதேயன்றி அருளாகாது என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்புப் பொருந்தாது. மெலியாரால் வரக்கூடிய தீங்கு ஈண்டுக் கூறப்படவில்லை. முன்பு தான் அஞ்சிய அச்சமே பிறர் அச்சத்தை உணர்தற்குக் கருவியாகிறது. இதனை உணர எச்சமயக் கோட்பாடும் வேண்டுவதில்லை; வலியார்முன் ஒருகால் நின்றிருத்தலே போதும்.

மேலும், இக்குறள் அருளைப் புகழ்ந்து அமையாது, அதனைப் பயிலும் முறையையும் அதற்குரிய காலத்தையும் வரையறுக்கிறது. பல சமயத்தாரும் சமயம் சாராதாரும் ஒருங்கிருக்கும் வகுப்பில் அறம் உரைக்கப் புகும் ஆசிரியர்க்கு இதுவே தக்க தொடக்கம் எனக் கருதுகிறோம். அவ்வகுப்பில் வலியார் ஆசிரியரே ஆதலின், இக்குறளின் முதல் மாணாக்கரும் அவரே ஆவர்.