ஒரே பெயர், வேறு வேறு வேலை

ரெக்கார்டு இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர். கேட்க எளிது. ஆனால் நம்மில் பலர் முதன்முதலில் இதை எழுதிய விதமே தவறு. செலக்ட் போட்டுப் பார்ப்போம், காலியாக வந்தால் இன்சர்ட் செய்வோம். ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் இரண்டும் 'இல்லை' என்றே பார்க்கும், இரண்டும் சேர்க்கப் போகும். யூனிக் கீ இருந்தால் ஒன்றுக்கு எரர் வரும். இல்லாவிட்டால் ஒரே வாடிக்கையாளர் இருமுறை பதிவாவார்.

செலக்ட்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை டேட்டாபேஸே மூடினால்தான் உண்டு. மைசீக்வெல் வெகு முன்பே 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் 2016 ஜனவரியில் 9.5 பதிப்பில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' கொண்டுவந்தது. அதே நடையை 2018இல் எஸ்க்யூலைட் எடுத்துக்கொண்டது. அதன்பின் 'இந்தத் திருத்து-அல்லது-சேர் வேலைக்கு, எல்லாவற்றுக்கும் பொதுவாக அப்சர்ட் என்று ஒரே ஃபங்ஷன் கொடுங்கள்' என்று லைப்ரரிகளிடம் கேட்பது இயல்புதான். ஆயிரம் ரெக்கார்டுகளை ஒரே கட்டளையில் அனுப்பலாம் என்பது சின்ன லாபமல்ல.

ஆனாலும் அந்த ஒரே ஃபங்ஷனை நான் எதிர்க்கிறேன். எஸ்க்யூலைட்டில் பலர் அப்சர்ட் என்று நம்பிப் பயன்படுத்தும் 'ரிப்ளேஸ்' எதையும் திருத்துவதில்லை. பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகிறது. வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணை மாற்றப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாம் குறிப்பிடாத முகவரி டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும். ஃபாரின் கீ இயங்கி, ஆர்டர் டேபிளில் 'ஆன் டெலீட் கேஸ்கேட்' இருந்தால் அவருடைய ஆர்டர்கள் அத்தனையும் போய்விடும். எரர் ஒன்றும் வராது.

மைசீக்வெல்லில் ஆபத்து வேறு. எந்த யூனிக் கீ மோதினாலும் அது திருத்திவிடும். ஈமெயில், ஃபோன் இரண்டும் யூனிக் என்றால், ஈமெயிலை மனதில் வைத்து நாம் அனுப்பிய விவரம், அதே ஃபோன் எண்ணுள்ள இன்னொருவருடைய ரெக்கார்டின் மேல் எழுதப்படலாம். போஸ்ட்கிரெஸ் இதை விடாது. திருத்த வேண்டுமென்றால் எந்தக் கீ என்று சொல்லியே ஆகவேண்டும்.

எனவே எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி செய்ததே சரி. பொதுப் பெயரில் மூடாமல், அந்தந்த டேட்டாபேஸுக்கான வசதியை அதனதன் பெயரிலேயே தனித்தனியாக வைத்தது. இதில் சிரமம் உண்டு: டெஸ்ட்டுக்கு எஸ்க்யூலைட், புரொடக்‌ஷனுக்கு போஸ்ட்கிரெஸ் என்று ஓடும் குழு நிரலை இரண்டு விதமாக எழுதவேண்டும். அந்தச் சிரமம் தேவையானது. எந்தக் கீ, எந்த ஃபீல்டுகள் என்ற இரண்டையும் லைப்ரரி கட்டாயம் கேட்கவேண்டும்; தானாக ஊகிக்கக்கூடாது.

இன்னொன்றை லைப்ரரிகள் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும். போஸ்ட்கிரெஸ் மோதலைப் பார்க்கும் முன்பே சீக்வென்ஸிலிருந்து ஐடி எண்ணை எடுத்துவிடுகிறது. இன்சர்ட் அப்டேட்டாக மாறினாலும் அந்த எண் திரும்பாது. 10,000 ரெக்கார்டுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்சர்ட் செய்யும் ஒரு ஜாப், நாளொன்றுக்கு 28,80,000 எண்களைத் தின்னும். சாதாரண இன்டீஜர் ஐடிக்கு இருப்பது 214 கோடிச் சொச்சம். இரண்டு ஆண்டு தாண்டிய சில நாட்களில் அது தீரும். அன்றும் டேபிளில் அதே 10,000 ரெக்கார்டுகள்தான் இருக்கும். தொடக்கத்திலேயே ஐடியை பிக்இன்ட் ஆக்கியிருந்தால் அந்த நாள் வராது.