சிந்துவெளி: பெயரும் சான்றும்

தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில், மொகஞ்சதாரோவிற் கிடைத்த வெண்கலப் பாவை ஒன்று இடுப்பிற் கையூன்றி நிற்கிறது. உயரம் நான்கு அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. ‘நடன மங்கை’ என்பது அதற்கு இட்ட பெயர். அவள் ஆடியவள் என்பதற்கு அந்நிலையன்றி வேறு சான்று யாது? கராச்சியில் உள்ள கற்சிலையைப் ‘பூசக மன்னன்’ என அழைப்பதும் இத்தகையதே. அந்நகரை ஆண்டவர் மன்னரா, பூசகரா, வணிகர் அவையினரா என்று கூறவல்ல ஏடு ஒன்றும் இதுவரை படிக்கப்படவில்லை. தொல்லியலார் அடையாளத்திற்காக இடும் பெயரைப் படிப்போர் முடிவாகவே கொண்டுவிடுகின்றனர்.

பாவைக்கு இட்ட பெயரால் பெருங்கேடில்லை. மார்ட்டிமர் வீலர் எலும்புகளுக்கு இட்ட பெயரோ அத்தகையதன்று. மண்ணடுக்குகளைக் கொண்டு காலங்கணிக்கும் முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் அவர். 1945-இல் புதுவையை அடுத்த அரிக்கமேட்டில், இத்தாலியிலிருந்து வந்த மட்கலத் துண்டுகள் எந்த அடுக்கிற் கிடந்தன என்று நுணுகிக் குறித்தார். அவற்றின் காலம் தெரிந்ததாகலின், உடன்கிடந்த நம் நாட்டுக் கலங்களின் காலத்தையும் அதனாற் கணித்தார். தென்னாட்டுத் தொல்லியலுக்கு அது ஓர் அச்சாணி எனல் மிகையன்று. அத்தகையவரே 1947-இல், மொகஞ்சதாரோவில் முன்னையோர் அகழ்ந்து கண்ட எலும்புக்கூடுகளைச் சுட்டி, அவை ஆரியப் படையெடுப்பில் வீழ்ந்தோருடையவை என்றும், இந்திரனே குற்றஞ்சாட்டத் தக்கவன் என்றும் எழுதினார்! அரிக்கமேட்டில் ஓட்டுத்துண்டிற்குக் கேட்ட அடுக்கை, இங்கு மனித எலும்பிற்கு அவர் கேட்கவில்லை.

கேட்டவர் ஜார்ஜ் டேல்ஸ். 1964-இல் அவர் எழுதிய கட்டுரை அளவிற் சிறிது, விளைவிற் பெரிது. கிடைத்த கூடுகள் நாற்பதுக்கும் குறைவு. அவையும் ஒரே காலத்தன என்று காட்ட இயலாது. காவல் மிகுந்த கோட்டைமேட்டில் ஓர் உடலேனும் கிடைக்கவில்லை. பின்னாளில் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடியும் வன்முறைக் காயத்தை மிகச் சிலவற்றிலேயே கண்டார். ஆயினும் நம் மேடைகளில் அப்படுகொலைக் கதை நெடுநாள் முழங்கிற்று. வேற்றூரில் வாழும் நாம் நம் மக்களுக்குத் தொன்மை சொல்ல விழைவது இயல்பு. அதற்குப் பொய்த்த போர்க்களம் வேண்டுவதில்லை. படுகொலை இல்லை என்றதனால் திராவிடத் தொடர்பும் இல்லை என்றாகிவிடாது. இரண்டும் வெவ்வேறு வழக்குகள்.

இரண்டாம் வழக்கை எவ்வாறு நடத்துவது என்பதற்கு ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பைக் காண்க. அம்மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. எனினும் தம் கருத்தை ஒருபுறம் ஒதுக்கி, எந்தக் குறி எங்கு வருகிறது, எத்துணை முறை வருகிறது என்று எண்ணி அட்டவணையாக்கினார். ஒரு தொடருக்குச் சராசரியாக ஐந்து குறிகளே உள்ள எழுத்தில் இஃது எளிய பணியன்று. மிகுதியாக வரும் சாடி வடிவக் குறி பெரும்பாலும் தொடரின் ஈற்றில் நிற்பது அதனாற் புலனாகிறது. அது விகுதியோ, பட்டப்பெயரோ! திராவிடம் என்போரும் அன்று என்போரும் அவ்வட்டவணையை விரித்து வைத்துக்கொண்டே வாதிடுகின்றனர்.