வரப்போகிற கேமரா

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதி வேண்டிய அளவு விரோதம் சம்பாதித்தாயிற்று. இப்போது ஒரு கேமராவுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேமரா கோபித்துக்கொள்ளாது, ஆசிரியருக்குக் கடிதமும் எழுதாது. ஆனால் இதில் அடி வாங்கப்போவது கேமரா அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

கேமரா ஃபூஜிஃபில்ம் கம்பெனியுடையது; எக்ஸ் 100 என்ற வரிசையில் ஆறாவது. முதலாவது 2011-இல் வந்தது. வந்த மாதத்திலேயே, மார்ச் 11-ஆம் தேதி, வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் கடலும் தாக்கின. கேமரா தயாரான தொழிற்சாலை அந்தப் பக்கத்தில், மியாகி பிரதேசத்தில் இருந்தது. வேலை நின்றுபோயிற்று. அன்று காத்திருந்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. ஆறாவதற்கு அப்படி ஆபத்து ஒன்றும் நேரவில்லை. 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி அறிவித்தார்கள்; எல்லா ஊர்க்காரர்களுக்கும் அது ஒரே சமயத்தில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கம்பெனி பிறந்தது 1934-இல் என்பதற்காக 1,934 கேமராக்களைத் தனி முத்திரையோடு விட்டார்கள். அதற்கும் போட்டா போட்டி.

நானும் சென்னையில் ஒரு கடையில் பெயர் எழுதி வைத்தேன். விலை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். கதை எழுதுகிறவன் இந்தத் தொகையை எப்படிச் சேர்த்தான் என்பது தனிக் கதை. அது இங்கே வேண்டாம். "பத்து நாளில் வந்துவிடும் சார்" என்றார் கடைக்காரர். பத்து நாள் கழித்து விசாரித்தபோதும் அதையே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்?

கேமரா வராத காலத்தில் கேமராவைப் பற்றிப் படித்தேன். உலகத்தில் எத்தனை மதிப்புரைகள்! ஒவ்வொருவரும் ஒரு செங்கல் சுவரையோ புத்தக அலமாரியையோ படம் எடுத்து, அதன் மூலையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, மூலையில் தெளிவு குறைகிறதா என்று ஆராய்கிறார்கள். முந்தியதில் 2 கோடியே 60 லட்சம் புள்ளி. இதில் 4 கோடி. முந்தியதில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு உள்ளே இல்லை, இதில் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் நான் படித்தவற்றில் ஒருவராவது, "இந்தக் கேமராவால் இன்னாரைப் பார்த்தேன், அவரைப் பற்றி இதுவரை தெரியாத ஒன்று தெரிந்தது" என்று எழுதியிருக்கவில்லை. ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவன் காகிதத்தின் எடையையும் பைண்டிங்கின் உறுதியையும் மட்டும் எழுதினால் அவனை என்ன சொல்வோம்?

டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் செய்தவர் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர். அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில், 1975-இல். அந்த யந்திரம் மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிதான். அதை எடுத்துக்கொண்டு அவர் செங்கல் சுவரைத் தேடிப் போகவில்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை நிற்கச் சொல்லி அவள் முகத்தை எடுத்தார். பத்தாயிரம் புள்ளி கைக்கு வந்ததும் மனுஷனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. 4 கோடி வந்தபின் நமக்குச் சுவர் போதும் என்று ஆகிவிட்டது.

இதை நான் ஞானியைப் போல உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த மதிப்புரைகளை ஒன்று விடாமல் படித்த முதல் முட்டாள் நானே.

ஏப்ரல் மாதத்தில் அத்தை போன் செய்தாள். எங்கள் பூர்வீக வீடு தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில் இருந்தது. அத்தை மட்டும் அதில் இருந்தாள்.

"எய்யா, வீட்டை வித்தாச்சு. ஆனிக்குள்ள பிரிச்சிருவாவ. ஒரு தடவை வந்து படம் புடிச்சுக்கிட்டுப் போ."

"புதுக் கேமரா பத்து நாள்ல வந்துரும் அத்தை. அதோட வாரேன்."

கடைக்காரரின் வாக்கியம் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! அலமாரியில் பழைய கேமரா ஒன்று இருந்தது. சட்டைப் பையில் இருந்த டெலிபோனிலும் கேமரா இருந்தது. ஆனால் அந்த வீட்டை அவற்றால் எடுப்பது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றிவிட்டது. வரப்போகிற கேமராவில் அந்த வீட்டை எத்தனையோ விதமாக மனசுக்குள் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் அற்புதமான படம். அவற்றில் ஒன்றைக்கூட இன்று யாருக்கும் காட்ட முடியாது.

ஆனி பிறந்து முடிந்தது. கேமரா ஐப்பசியில் வந்தது.

அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரே லென்ஸ், 23 மில்லிமீட்டர். கழற்ற முடியாது, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கவும் முடியாது. கிட்டே வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஒரு மனுஷனைப் படம் எடுக்க அவன் அருகில் போயாக வேண்டும் என்பது நல்ல ஒழுக்கம். கதை எழுதுகிறவனுக்கும் அதுவே விதி. கண் வைத்துப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. சின்ன நெம்புகோலைத் தட்டினால் கண்ணாடி வழியாக நிஜ உலகம்; மறுபடி தட்டினால் திரையில் அதன் பிம்பம். வேகத்துக்கும் வெளிச்சத்துக்கும் நம் அப்பாக்கள் காலத்துக் கேமராவில் இருந்ததைப் போலத் திருகு வட்டங்கள். விரலால் திருகும்போது ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

இன்னொரு சங்கதியில்தான் எனக்குச் சந்தேகம். பழைய பிலிம்களின் பெயரும் சாயலுமாக இதில் 20 வேஷங்கள் வைத்திருக்கிறார்கள். வெல்வியா என்றால் பச்சை பசேலென்று ஆகும். அக்ரோஸ் என்றால் கறுப்பு வெள்ளை. நேற்று எடுத்த படம் முப்பது வருஷத்துக்கு முன் எடுத்ததைப் போல ஆகிவிடும். இது எனக்கு மிகவும் பழக்கமான வித்தை. புதுமைப்பித்தன் மாதிரி எழுதத் தெரிந்த பையன்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறார்கள். வாக்கியம் அவருடையதைப் போலவே துள்ளும்; அவர் பார்த்தது மட்டும் அதில் இருக்காது. பழைய படங்கள் நம் நெஞ்சைப் பிசைவது அவற்றின் நிறத்தால் அல்ல. அதில் இருந்தவர்கள் இல்லாமல் போனதால். அதைக் கேமராவில் திருகி வைக்க முடியாது.

கேமராவை எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். பாளையங்கோட்டையில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறாள். நான் கேமராவைப் பெருமையோடு காட்டினேன். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் டெலிபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வீட்டைப் பிரித்த கொத்தனாரோடு வந்த பையன் எடுத்ததாம்.

நாலைந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் பையனுடைய கட்டைவிரல், சிவப்பாக, மங்கலாக. கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பாதி ஓடு பிரித்த கூரை வழியாக வெயில் நேராகப் பட்டாசலில் விழுகிறது. எனக்குத் தெரிந்து அந்த அறைக்குள் வெயில் வந்ததில்லை. பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்வோம். சுவரில் தாத்தா படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. நடுவில் அத்தை, கையில் தூக்குவாளி. வேலையாட்களுக்குக் காபி கொண்டுவந்திருக்கிறாள். தன் வீட்டை இடிக்கிறவர்களுக்குக் காபி! முகத்தை நிமிர்த்தி அவள் பார்ப்பது படம் எடுக்கிறவனை அல்ல, வானத்தை.

நான் போயிருந்தால் இந்தப் படம் வந்திருக்காது. அத்தையைப் பட்டுப் புடவை கட்டச் சொல்லி வாசற்படியில் நிறுத்தியிருப்பேன். வேலையாட்களை விலகச் சொல்லியிருப்பேன். சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்திருப்பேன். காத்திருக்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

"பையன் தானாகவே எடுத்தானா அத்தை?" என்று கேட்டேன்.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன். நீ வருவேன்னு பாத்தேன்யா. ஓடு பிரிக்கிறவன் உன் கேமராவுக்காக நிப்பானா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஓடு பிரிக்கிறவனுடைய நியாயத்தைச் சொன்னாள்.

அன்று அத்தையைப் புதுக் கேமராவில் எடுத்தேன். பின்னால் கொடியில் துணி காய்கிறது. ஒவ்வொரு நரைமுடியும் தெளிவாக விழுந்திருக்கிறது. கேமரா தன் காரியத்தைக் குறைவில்லாமல் செய்திருக்கிறது என்று மதிப்புரையாளன் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன். வாங்க நினைப்பவர்கள் வாங்கலாம். அது வரும் வரையில் கையில் இருப்பதை வைத்து எடுத்துக்கொண்டிருங்கள் என்பது ஒன்றுதான் நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது.

பையன் எடுத்த படத்தை அச்சுப் போட்டுத் தரும்படி அத்தை கேட்டாள். ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, "ஓரத்தில் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, வெட்டிவிடட்டுமா சார்?" என்றார்.

வேண்டாம் என்று சொன்னேன்.