மிங்கலாடோன் கல்லில் இல்லாத மொழி

ரங்கூன் நகருக்கு வடக்கே மிங்கலாடோனில், தவுக்யான் என்ற ஊரை ஒட்டி, இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் மயானம் ஒன்றிருக்கிறது. அங்கே 6,374 கல்லறைகள். அவற்றிடையே நீண்ட தூண்வரிசைகளாக எழுந்து நிற்பது ரங்கூன் நினைவுச்சின்னம். 1958 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கல்லறை இன்னதென்று அறியப்படாத ஏறக்குறைய 27,000 படையினரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

கட்டடம் என்ற வகையில் இதைக் குறைசொல்ல அதிகமில்லை. வாளுயர்த்திய தளபதியின் சிலை கிடையாது, பெயர்கள்தான் சின்னம். ஆனால் நினைவுச்சின்னம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, வாசிப்பதற்கும் உரியது. சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் மடிந்தார்கள் என்ற பொருள்பட ஒரு வாசகம் அங்குள்ளது. மடிந்தவர்களிற் பெரும்பாலோர் அன்று அடிமை நாட்டின் பிரஜைகள் என்பதைக் கல் சொல்லவில்லை. அது ஒருபுறமிருக்க, அவ்வாசகம் ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் ஹிந்தியிலும் உருதுவிலும் குர்முகியிலும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் இல்லை.

பர்மாவின் ஆறுகளுக்குப் பாலமிட்ட மதராஸ் சாப்பர்களிலும் மதராஸ் றெஜிமென்டிலும் தமிழர் இருந்தார்கள். கல் திறக்கப்பட்ட காலத்தில் ரங்கூன் தெருக்களிலேயே தமிழ் கேட்டது. 1964இல் நெ வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கிய பின்னர்தான் எம்மவர் பெருந்தொகையாகக் கப்பலேறினார்கள். ஆகவே வாசிக்க ஆளில்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. உருது இந்தியப் படையின் பொதுமொழி என்று வேண்டுமானால் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையே எனது விமர்சனமும். இந்தக் கல் சிப்பாய்க்குக் கட்டளையிட்ட மொழியில் பேசுகிறது. அவனை இழந்தவள் ஒப்பாரி வைத்த மொழியில் பேசவில்லை.

இதனை வெள்ளைக்காரன் செய்த தவறு என்று முடித்துவிட்டால் எமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அதே யுத்தத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர், சுபாஸ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவத்தில் எதிர்த்தரப்பில் நின்றார்கள். அவர்களது மாண்டோருக்கு 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டினார். திரும்பிவந்த பிரித்தானியர் சில வாரங்களிலேயே அச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது அநியாயம். ஆனால் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று அந்தக் கல்லில் பொறித்திருந்த சொற்கள் உருதுச் சொற்கள். விடுதலைக்குப் போன தமிழனுக்கும் கட்டளை மொழியில்தான் கல்.

ஆயுதம் ஏந்தாதவர்களின் நிலை இன்னும் மோசம். சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற கைதிகளில் மாண்டோருக்குத் தன்பியூசயாட்டிலும் காஞ்சனபுரியிலும் வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அதே பாதையில் ஆயிரமாயிரமாக மடிந்த தோட்டத் தமிழருக்கு அப்படியொரு வரிசை இல்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023இல்தான், காஞ்சனபுரியில் அவர்களுக்கொரு நடுகல் எழுந்தது.

நடுகல் என்ற அந்தப் பெயர் பொருத்தமானது. தொல்காப்பியம் கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து அதனை வாழ்த்துவது வரை ஆறு கட்டங்களைச் சொல்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கள் ஆநிரை கவர்தலில் வீழ்ந்தவனை அவனது ஊர் மொழியிலேயே சொல்கின்றன. இழந்தவர்கள் நட்ட கல் அப்படித்தான் பேசும்.

இனி எமது கற்களுக்கு வருவோம். 2009க்குப் பின் துயிலும் இல்லங்கள் இடித்தழிக்கப்பட்டன; கோப்பாயில் அந்த நிலத்தின் மீதே 2011இல் படைத் தலைமையகம் திறந்தார்கள். பிள்ளையின் தலைமாட்டில் விளக்கேற்ற ஒரு சாண் நிலம்கூட இல்லாமற்போன தாய்மாரின் துயரத்துக்கு எந்த நியாயமும் ஈடாகாது. ஆயினும் அந்தக் கற்கள் நின்ற காலத்தையும் நேர்மையாக நினைத்துப்பார்க்க வேண்டும். அவற்றில் தமிழ் இருந்தது. ஆனால் 1986இல் புலிகளால் கொல்லப்பட்ட ரெலோ இளைஞர்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. அவர்களது தாய்மாரும் தமிழில்தான் அழுதார்கள். பலர் வாய்விட்டு அழவும் பயந்தார்கள்.

ஆக, தமிழில் எழுதிவிட்டால் மட்டும் கல் எமதாகிவிடாது. கட்டளை மொழி தமிழாகவும் இருக்கலாம். புலம்பெயர்ந்த நகரங்களில் நாமும் இன்று தூபிகள் எழுப்புகிறோம். மிங்கலாடோன் கல்லிடம் நாம் கேட்கும் கேள்வியை அவற்றிடமும் கேட்போம்: தன் பிள்ளையின் பெயரைத் தேடி வரும் எந்தத் தாய் இங்கிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்?