29 காலடிகளும் ஒரு தீப்பந்தமும்

2008 ஆகஸ்ட் 8, சாயங்காலம். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை சிவகாசியில் தாய்மாமா வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நகரத்தின் மேல் வாணவெடியாலான 29 ராட்சதக் காலடிகள், ஒவ்வொன்றாக அரங்கத்தை நோக்கி நடந்து வந்தன. ஃபேன்ஸி வெடிப் பிரிவில் முப்பது வருஷம் மருந்தோடு கிடந்த மாமா எழுந்தே நின்றுவிட்டார். "ஒண்ணுகூடப் பிந்தல பாரு மாப்ள. இதுதான்டா வேல!"

சில நாளில் செய்தி வந்தது. டிவியில் வந்த காலடிகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்தவை. வானத்திலும் நிஜமாகவே வெடித்திருக்கிறார்கள். மேலிருந்து படம்பிடிப்பது கஷ்டம் என்று அதற்குப் பதிலாக இதை ஓட்டியிருக்கிறார்கள்.

ஒலிம்பிக்குக்கு இது புதுசு இல்லை. 1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது தீபமே கிடையாது. அரங்கில் முதலில் அது எரிந்தது 1928, ஆம்ஸ்டர்டாமில். ஒலிம்பியாவிலிருந்து தொடர் ஓட்டமாகத் தீபம் வருவது, 1936 பெர்லினுக்காக கார்ல் டீம் போட்ட திட்டம். பழைய ஒலிம்பியாவில் அப்படியொரு ஓட்டம் இருந்ததில்லை. பந்தங்களைச் செய்து கொடுத்தது, பீரங்கிக்குப் பேர்போன க்ருப் நிறுவனம்.

லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' (1938) படத்தில் இது எதுவும் தெரியாது. இடிந்த தூண்கள், பளிங்குச் சிலைகள், அங்கிருந்து புறப்பட்டு ஹிட்லர் உட்கார்ந்திருக்கும் அரங்கம் வரை ஓடிவரும் நெருப்பு. முதல்முறை நானும் வாய்பிளந்துதான் பார்த்தேன். ஆனால் நேற்றுச் செய்ததை ஆதிகாலத்துச் சொத்தாகக் காட்டுவதுதான் அந்த அழகுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

எந்தச் சடங்கையும் யாரோ ஒருநாள் உண்டாக்கித்தான் ஆகவேண்டும். அதில் தப்பில்லை. உண்டாக்கிய கையை மறைக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. பெர்லின் படம் கையை மறைத்தது. பெய்ஜிங் ஒளிபரப்பு ஒரு படி மேலே போய், அந்தக் கை செய்த வேலையையே மறைத்தது.

எங்கள் ஊருக்கு இது தெரிந்த கதைதான். பட்டாசு டப்பா மேல் சாமி இருக்கும், குழந்தை சிரிக்கும். திரி வைத்த கை இருக்காது. விபத்து நடந்த மறுநாள் பேப்பரில், எண்ணிக்கையாக மட்டும் வரும்.

மாமாவிடம் இதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. அவர் பாராட்டியது கம்ப்யூட்டரை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு தீபாவளிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்:

"அப்ப நெசமா வெடிச்சத யாருடா பாத்தா?"