லேபிள் இலக்கியம்

திருத்தணி மலையடிவாரத்துக் கடைகளில் விபூதிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் மருந்துப் பாட்டில்களையும் பார்க்கிறேன். லேபிளில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தெலுங்கு. எந்தப் பாஷையில் படித்தாலும் சர்க்கரை வியாதி ஒரு மண்டலத்தில் ஓடிவிடுகிறது! கதை எழுதிப் பிழைக்கிற நான் கற்பனைக்கு விரோதியல்ல. ஆனால், கதையைப் படித்துவிட்டு யாரும் இன்ஸுலினை நிறுத்துவதில்லை. லேபிளை நம்பி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? 1954-லேயே வந்துவிட்டது. 54 வியாதிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்றது. சர்க்கரை வியாதியும் அதில் உண்டு. லேபிளும் விளம்பரமே என்றது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் 170-வது விதியும் வந்தது. 2024 ஜூலையில் மத்திய சர்க்காரே அதை நீக்கிற்று. பதஞ்சலி விளம்பர வழக்கை விசாரித்துவந்த சுப்ரீம் கோர்ட், ஆகஸ்டில் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தது, தடையும் போயிற்று.

எஞ்சியிருப்பது பழைய சட்டந்தான். அது போதும் என்பேன். ஆனால், மருந்து செய்ய லைசென்ஸ் கொடுப்பது ஒரு ராஜ்யம், வாங்கிக் குடிப்பது இன்னொரு ராஜ்யம் என்றால், எல்லையோர ஊரில் அந்த லேபிளை யார் படிப்பது? நோயாளி படிக்கிறான். அவனுக்கு முன்னால் மருந்து இன்ஸ்பெக்டர் அல்லவா படித்திருக்க வேண்டும்?